எதை விடுவது?

எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. விடு. என் கணவர் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அதை ஒருமுறை சொல்லிவிடுவார். குழாய் ஒழுகுகிறது என்றால், விடு, பார்த்துக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் நம் வாசலை அடைத்து வண்டியை நிறுத்துகிறான் என்றால், விடு, பாவம். எனக்கும் மகளுக்கும் சண்டை என்றால் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, விடு, விடு. சண்டையை முடித்துவைக்கிற சொல் என்று அவருக்கு நினைப்பு. எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் சண்டையே ஆரம்பிக்கும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேலேயும் கீழேயுமே போய்வந்த மனிதர், ஓய்வு பெற்றதும் இனி பக்கவாட்டில் போகப் போகிறேன் என்றார். காலையில் நடக்கப் போகிறார் போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். பாய்மரப் படகு என்று பிறகுதான் தெரிந்தது. விடுமுறை நாட்களில் நண்பர்களோடு சேர்ந்து படகு ஓட்டப் பழகியவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்தில் யாரோ ஓட்டிப் பழசாக்கிய படகை வாங்கி, அதை நாமே கடல் வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார். தனியாக அனுப்பினால் நடுக்கடலில் எதையாவது 'விடு' என்று விட்டுவிடுவார் என்ற பயத்தில் நானும் ஏறினேன்.

எனக்குக் கடலும் தெரியாது, கயிறும் தெரியாது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை எனக்கு. வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களிடம் 'உட்காருங்க, கூப்பிடுறேன்' என்று சொல்வதுதான் என் உத்தியோகம். அதற்காக அவர் எனக்கு வைத்த பெயர் டாக்டரம்மா.

படகில் எனக்கு மூன்று சொற்களைப் பாடம் நடத்தினார். இழு, பிடி, விடு. இழு என்றால் கயிற்றை இழுக்க வேண்டும். பிடி என்றால் அப்படியே நிறுத்த வேண்டும். விடு என்றால் ஒரு கை நீளம் தளர்த்த வேண்டும்.

"ஏங்க, இந்த 'விடு' மட்டும் வேணாம். நீங்க அத எல்லாத்துக்கும் சொல்றீங்க. 'தளர்த்து'ன்னு வெச்சுக்கலாம்."

"காத்துல நின்னு 'தளர்த்து'ன்னு கத்திப் பாரு டாக்டரம்மா. நாக்கு சுளுக்கிக்கும். விடு."

"எத விடறது? கயித்தயா, பேச்சயா?"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பாதி வழி வரை கடல் எங்களை மரியாதையாகத்தான் நடத்தியது. அதன் பிறகு ஒவ்வொன்றாக மண்டையைப் போட்டன. அலை ஒன்று உள்ளே புகுந்ததில் செயற்கைக்கோள் போன் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்தது. எஞ்சின் டீசலில் தண்ணீர் கலந்து, இருமி இருமி ஒருநாள் நின்றே போனது. பாய் இருக்கும்போது எஞ்சின் எதற்கு, விடு என்றார். அடுத்ததாகப் பெரிய பாயை ஏற்றும் கயிறு, பாய்மரத்தின் உச்சியிலிருந்த கப்பியில் சிக்கிக்கொண்டது. பாய் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று பாதியில் நின்றது.

யாராவது மேலே போய் எடுத்துவிட வேண்டும். துணியால் தைத்த ஒரு தொங்கு இருக்கையில் அவர் உட்கார்ந்துகொண்டார். அதைக் கட்டிய கயிறு மரத்து உச்சிக்குப் போய்த் திரும்பி என்னிடம் வரும். அதை வின்ச் உருளையில் சுற்றி, கைப்பிடியைத் திருகினால் அவர் மேலே போவார். சுற்று இருக்கும்வரை அவர் எடை என் கையில் தெரியாது. கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது. பட்டப்பகல். நான் திருகத் திருக அவர் மேலே போனார்.

"அஞ்சாவது மாடியில நிறுத்தும்மா," என்றார்.

மரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் உண்டு. அதற்கும் மேலே போய், கீழே தொங்கிய ஒரு காலை அந்தச் சட்டத்தில் கொக்கியாக மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் உச்சிக் கப்பிக்குக் கொடுத்துவிட்டார். நான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. கீழே இருக்கும்போது கேட்டால் நழுவிவிடுவார். மேலே தொங்குகிற மனிதர் எங்கே ஓட முடியும்?

"ஏங்க, அந்த மஞ்சள் டப்பாவுக்குப் பேட்டரி மாத்திட்டீங்களா?"

மஞ்சள் டப்பா என்பது ஆபத்தில் அமுக்குகிற கருவி. அமுக்கினால் நாம் எங்கே இருக்கிறோம் என்று கரைக்குத் தகவல் போய்விடும். கடைசியாக நின்ற துறைமுகத்தில் அதற்குப் புதுப் பேட்டரி போடுவதாகச் சொல்லியிருந்தார்.

"என்னது?"

"பேட்டரி. மாத்துனீங்களா, இல்லையா?"

கப்பியைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"உங்களத்தான். இப்பச் சொல்லுங்க."

மேலேயிருந்து குரல் வந்தது. "அட, அத விடு" என்றுதான் சொன்னாராம். காற்று முன்பாதியைத் தின்றுவிட்டது. எனக்கு வந்து சேர்ந்தது 'விடு' மட்டும்.

விட்டேன். சொல்லிக்கொடுத்தபடி ஒரு கை நீளம், ஒரு விரல் கூட அதிகம் இல்லை. அவரோ கால் சட்டத்தில் மாட்டியிருக்க, கயிற்றை நம்பி முழுதாய்ச் சாய்ந்திருந்தார். கயிறு தளர்ந்ததும் மொத்த உடம்பும் அந்த ஒரு காலில் போய் விழுந்தது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கீழே எனக்குக் கேட்டது. அவர் தலைகீழாகப் புரண்டு, கயிறு இறுகி, மரத்தில் மோதித் தொங்கினார். எலும்பு முழங்காலுக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

அப்புறம் கொடுமை என்ன தெரியுமா? அவரைக் கீழே இறக்க வேண்டும். அதற்கும் அதே சொல்தான்.

"விடும்மா," என்றார் மேலேயிருந்து, குரலே இல்லாமல். "மெதுவா விடு."

என் கை திறக்கவில்லை. நான் திறக்கத்தான் பார்த்தேன். விரல்கள் கயிற்றைக் கவ்விக்கொண்டு, யாருடைய விரல்களோ போல இருந்தன. அவர் அங்கே தொங்கிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "ஒண்ணுமில்ல, கயிறுதான், கயித்தத்தான் விடச் சொல்றேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதன் பிறகுதான் கை அசைந்தது.

கேபினுக்குள் இழுத்துப் போட்டு, படுக்கைப் பலகை ஒன்றைப் பெயர்த்துக் காலுக்கு அணை கொடுத்துக் கட்டினேன். ஓடிப்போய் மஞ்சள் டப்பாவை எடுத்து அமுக்கினேன். அதில் ஒரு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. மறுபடி அமுக்கினேன். நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"மாத்தல," என்றார்.

நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவரை, அவர் படகை, அவருக்குப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுத்த நண்பர்களை, என் கல்யாணத்துக்குத் தரகு பேசியவரை எல்லாம் ஏசினேன். கால் உடைந்து கிடக்கிற மனிதரை இப்படிப் பேசுகிறோமே என்று தோன்றவே இல்லை. பேச்சு நின்றால் நான் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். 'நீதானே கயித்த விட்ட' என்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வரைபடத்தில் வீடு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பெரிய பாய் கிடையாது. முன்னால் இருக்கிற சின்னப் பாயை மட்டும் வைத்துக்கொண்டு, நொண்டி மாடு மாதிரி நகர்ந்தோம். காற்றோ வீடு இருக்கிற பக்கத்திலிருந்தே வீசியது. காலையில் ஒரு விரற்கடை முன்னால் போனால் மாலையில் அரை விரற்கடை பின்னால் வந்திருப்போம். சுக்கான் தடியைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கீழே ஓடி அவருக்குத் தண்ணீர் கொடுப்பேன். அதற்குள் படகு எந்தப் பக்கமாவது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மறுபடி மேலே ஓடுவேன். என் உள்ளங்கையில் தோல் என்று ஒன்று இருந்தது. அது உரிந்து சுக்கான் தடியில் ஒட்டிக்கொண்டது.

கிளம்பும்போது எங்கள் பல் டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று பல்லில் சீழ் வைத்தால் போடுகிற மாத்திரையைக் கொஞ்சம் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைத்தான் கொடுத்துவந்தேன். தீர்ந்துபோனது. காலில் சிவப்பு ஏறியது. எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க, அந்தச் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டேன். மறுநாள் காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. அதற்கு மேலே இன்னொரு கோடு போட்டேன். அதையும் தாண்டியது. முழங்கால் போனது, தொடைக்கு வந்தது. பிறகு பேனாவைக் கடலில் வீசிவிட்டேன்.

ஜுரத்தில் அவர் வேலைக்குப் போக ஆரம்பித்தார். கேபின் சுவரில் விரலால் அழுத்தி அழுத்தி, "எந்த மாடிக்குப் போகணும்?" என்று கேட்பார்.

"வீட்டுக்குங்க."

"எந்த மாடின்னு சொல்லுங்கம்மா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

நான் ஏதாவது ஒரு மாடியைச் சொல்வேன். அவர் அழுத்துவார். கொஞ்ச நேரம் தூங்குவார். ஆஸ்பத்திரி மேசையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்லியிருப்பேன். இப்போது என்னிடம் அதைச் சொல்லக்கூட ஒருவர் இல்லை. ரேடியோவில் மணிக்கொருதரம் கத்தினேன். அது கண்ணுக்கெட்டுகிற தூரத்துக்குத்தான் எட்டும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் தண்ணீரைத் தவிர யாரும் இல்லை.

ஒருநாள் நடுப்பகலில் அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது. காலிலிருந்து வந்த வாடை எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது போல. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா. விட்டுடு."

"எத?"

"என்னை."

அதற்கு மேல் அவர் விளக்கத் தேவையில்லை. ஓடி ஓடி இறங்கி எனக்குத் தண்ணீர் ஊட்டாதே, மேலேயே இரு, நீயாவது போய்ச் சேர். அதுதான் அர்த்தம். நான் அவரை அடித்தேன். ஆமாம், தோளில் ஓங்கி அடித்தேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் மேல் நான் கை வைத்தது அன்றைக்குத்தான். "இந்தச் சொல்ல இனிமே இந்த வாயால சொன்னீங்க, பாருங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மேலே போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கடலுக்குக் கேட்கிற மாதிரி அழுதேன்.

கப்பல் வந்தது அதற்கு மறுநாள் காலையில். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று படுத்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. தீவட்டி மாதிரி எரிகிற சிவப்பு விளக்கைக் கொளுத்திப் பிடித்தேன். ரேடியோவில் என் அரைகுறை ஆங்கிலத்தில் 'என் கணவர் சாகிறார், என் கணவர் சாகிறார்' என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதக் குரல் பதில் சொன்னது.

அலை பெரிதாக இருந்ததால் அவர்களால் படகு இறக்க முடியாது என்றார்கள். எங்கள் படகைக் கப்பலை ஒட்டி நிறுத்திக்கொண்டு, முதலில் நோயாளியைத் தூக்குவார்கள். அப்புறம் நான் கயிற்று ஏணியில் ஏற வேண்டும். படகைக் கடலிலேயே கைவிட வேண்டியதுதான். மேலேயிருந்து ஒரு கயிறு வந்தது. அதைப் படகின் மூக்கில் கட்டினேன். இரண்டு மாலுமிகள் தொங்கி இறங்கி வந்து, அவரைத் தூளி மாதிரி ஒரு படுக்கையில் வைத்துக் கட்டி, கம்பி வடத்தில் மாட்டிவிட்டு, மேலே ஏறிப்போய் இழுக்கத் தயாரானார்கள். போகும்போது படுக்கையின் கால்மாட்டில் கட்டிய ஒரு கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். படுக்கை ஊசலாடிக் கப்பல் சுவரில் மோதாமல் நான் கீழேயிருந்து பிடித்து நிறுத்த வேண்டும். மேலே ஆட்கள் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி அவரைப் பிடித்ததும் விட்டுவிட வேண்டும்.

அவர் மேலே போனார். நான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அலை எங்கள் படகைத் தூக்கித் தூக்கிக் கப்பலின் இரும்பில் அறைந்தது. படுக்கை சுழன்றது. நான் இழுத்து நிறுத்தினேன். அவர் முகம் ஒருபக்கமாகத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே மாலுமிகள் என்னவோ கத்தினார்கள். அது எனக்குப் புரியவில்லை. படகு திடீரென்று ஒரு பள்ளத்தில் இறங்கியது. கயிறு என் கையில் விறைத்தது. நான் விடாவிட்டால் அவரைப் படுக்கையோடு கீழே இழுப்பேன். விட்டால், அவர்கள் இன்னும் பிடித்திருக்காவிட்டால், அவர் போய்ச் சுவரில் மோதுவார். அந்த உடம்பு இன்னொரு அடியைத் தாங்காது.

"விடு!" என்று அவர் குரல் கேட்டது.

என் விரல்கள் மூடிக்கொண்டன.

"எத விடறது?" என்று நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். "முழுசாச் சொல்லுங்க. எத விடறது?"

ஜுரத்தில் வெந்துகொண்டிருந்த மனிதர், பேச மூச்சில்லாத மனிதர், தலையைத் தூக்கி, ஒவ்வொரு வார்த்தையாக எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

"என்னப் பிடிச்சுட்டாங்க. உன் கையில இருக்கற கயித்த விடு. கயித்த மட்டும் விடு."

விட்டேன். அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் போனார். நாலைந்து கைகள் அவரைத் தாங்கி உள்ளே எடுப்பதைக் கண்ணால் பார்த்தேன். கப்பலில் மருந்து இருக்கிறது, மருந்து போடத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். போதும் என்று நினைத்தேன்.

ஏணி எனக்காக இறங்கியது. ஒரு கையை நீட்டினேன். அந்தச் சமயத்தில் படகின் மூக்கில் நான் கட்டியிருந்த கயிறு, இவ்வளவு நேரமும் கப்பலின் விளிம்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தது போல, அறுந்தது. படகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கப்பலின் பக்கவாட்டில் பின்னோக்கி வழுக்கியது. மரம் இரும்பில் இடித்து, நடுவில் முறிந்து, பாயும் கயிறுமாக என் பக்கத்தில் விழுந்தது. ஏணி என்னை விட்டுத் தள்ளித் தள்ளிப் போயிற்று. நான் படகின் தளத்தில் குப்புற விழுந்து கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டேன். தலையைத் தூக்கியபோது கப்பலின் பின்பக்கம் தெரிந்தது, அதற்குக் கீழே நுரை.

அவ்வளவு பெரிய கப்பல் நின்ற இடத்தில் திரும்பாது. நின்று, விலகி, பெரிய வட்டம் போட்டுத்தான் வர வேண்டும். கைரேடியோவில் அந்த மனிதக் குரல் அதைத்தான் சொன்னது: காத்திருங்கள், வருகிறோம். எனக்கோ அது 'உட்காருங்க, கூப்பிடுறேன்' என்று கேட்டது.

இரும்பில் மோதி மோதிப் படகு எங்கோ விரிசல் விட்டு, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் வந்திருந்தது. கேபினில் அவர் படுத்திருந்த மெத்தை கீழே விழுந்து மிதந்தது. பாய் இல்லை, மரம் இல்லை, அவர் இல்லை. அவர் இருந்தவரை அந்தப் படகு இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. ஒரு பாத்திரத்தை எடுத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றத் தொடங்கினேன். கப்பல் சின்னதாகிக்கொண்டே போனது.

ரேடியோ கரகரத்தது. இந்த முறை வேறு குரல். அங்கே ரேடியோவை யாரிடமோ சண்டை போட்டு வாங்கியிருக்க வேண்டும்.

"டாக்டரம்மா."

"ம்."

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. கால் உடைந்தபோது அழாத மனிதர், கோடு தொடைக்கு வந்தபோது அழாத மனிதர்.

"உன்ன விட்டுட்டு வந்துட்டேனே. உன்ன மட்டும் விட்டுட்டு வந்துட்டேனே."

அடுத்த அலை படகைத் தூக்கியது. அதன் உச்சியில் ஒரு நொடி கப்பல் தெரிந்தது, மறைந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தது.

"விடுங்க," என்றேன். "பாத்துக்கலாம்."

பயத்தில் என் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அதை அவருக்குத் தெரியாமல் மறைக்க எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.